நீ எழுந்துபோன நாற்காலி

மேசையின் வலப்பக்க இழுப்பறையைத் திறந்ததும் உன் தலைவலித் தைலத்தின் வாசனை முகத்தில் அடித்தது. குப்பி அங்கே இல்லை. மற்ற சாமான்களோடு அதையும் உன் வீட்டுக்காரர் எடுத்துப் போய்விட்டார். ஆனால் இத்தனை வருடம் சிந்தியதை மரம் குடித்து வைத்திருக்கிறது. அரியலூர் நீதிமன்ற வளாகத்தில், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில், உன் நாற்காலியில் நான் உட்கார்ந்த முதல் நாள் காலை அது. கிளார்க் அண்ணனைக் கூப்பிட்டு, "இந்த ட்ராவ கொஞ்சம் வெயில்ல வைக்கச் சொல்லுங்கண்ணே" என்றேன். அவர் பிடரியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"இருந்துட்டுப் போவட்டுமேம்மா. அந்தம்மா வாசனதான."

பார்த்தாயா? நாற்காலி சூடாகக்கூட இல்லை, அதற்குள் ஆரம்பித்துவிட்டது.

உன்னிடம் எதற்கு மறைக்க வேண்டும்? எனக்கு உன்மேல் பொறாமை. சட்டம் படிக்கும்போதே பொறாமை. இரண்டு பேருக்கும் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகும் பொறாமை. நீ படுக்கையில் கிடந்தபோதும் பொறாமை. நீ போன பிறகாவது அடங்கும் என்று எதிர்பார்த்தேன். அது தன்பாட்டுக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து என்னோடு பஸ் ஏறி வருகிறது. போனவர்களைப் பற்றி நல்லதைத்தான் பேச வேண்டும் என்பார்கள். நானும் நல்லதை மட்டும்தான் எழுதப் போகிறேன். என் வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காரணம் உன்னிடம் இருந்த நல்லதுதான்.

இந்த அலுவலகத்துக்குள் நாம் முதலில் நுழைந்தது மாணவிகளாக. திருச்சியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தோம். இன்டர்ன்ஷிப் செய்ய ஓர் அலுவலகம் வேண்டும். வசதியானவர்கள் சென்னைக்கும் மதுரைக்கும் போய்விட்டார்கள். எனக்குக் குன்னத்திலிருந்து அரியலூருக்கு ஒரே பஸ். உனக்குச் செந்துறையிலிருந்து ஒரே பஸ். அதைத் தவிர நம் இருவரையும் சேர்த்து வைக்க வேறு காரணம் எதுவும் இல்லை. அரசு வழக்கறிஞரை எல்லோரும் ஜி.பி. சார் என்பார்கள். முதல் நாள் நம் பெயர்களைக் கேட்டார், மறுநாளே மறந்துபோனார். அதற்குப் பிறகு ஊர்ப்பெயர்தான். "குன்னம், அந்தக் கேஸ் கட்ட எடும்மா. செந்துறை, ஃபேன் சுச்சப் போடு." வளாகம் முழுக்க நமக்கு அதுவே பெயராகிவிட்டது.

நீ பெரிய இடத்துப் பெண்ணாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் தெரியுமா? அப்பா செல்வாக்கு, மாமா சிபாரிசு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன். எங்களுக்காவது கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. மக்காச்சோளமோ வெங்காயமோ, மழை பெய்தால் வீட்டுக்கு வரும். உன் அம்மா முந்திரிக்காட்டுக்குக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். உன்னைக் குறை சொல்ல எனக்கு அந்தச் சாக்கும் இல்லாமல் போயிற்று.

வேலையில் நான் உன்னைவிடக் கெட்டிக்காரி. இதை நீயே ஒப்புக்கொண்டிருக்கிறாய், அதனால் தைரியமாக எழுதுகிறேன். யாராவது அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டால், அதில் உள்ள ஒவ்வொரு பத்திக்கும் சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து பதில் எழுதி அனுப்புவார்கள். அதை வைத்து அரசின் எதிருரையைத் தயாரிப்பது நம் வேலை. வாதியின் வழக்கு சட்டப்படியும் சங்கதிப்படியும் நிலைக்கத்தக்கதல்ல என்று ஆரம்பித்துவிட்டால் பழைய கட்டுகளைப் பார்த்து மீதியை எழுதிவிடலாம். நான் மளமளவென்று எழுதுவேன். என் வரைவில் ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல் ஜி.பி. சார் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நீ பாதியில் பேனாவை மூடி வைத்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

"ஏன்டி, இந்த எடத்த யாராச்சும் போயிப் பாத்தாங்களா?"

"தாசில்தார் ஆபீஸ்லேருந்துதான் எழுதி வந்துருக்குல்ல."

"அவங்க பாத்தாங்களான்னு கேக்குறேன்."

"அது நமக்கெதுக்குடி?"

"வழியிலதான இருக்கு. சாயங்காலம் எறங்கிப் பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல போயிக்கிறேன்."

சும்மா சொல்கிறாய் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் சுடிதார் ஓரமெல்லாம் நெருஞ்சி முள் ஒட்டியிருக்க வந்து நின்றாய். அங்கே ஓடை இருக்கிறது, ஓடைக்குள் மரம் இருக்கிறது, மரத்தடியில் ஒரு கிழவர் இருக்கிறார் என்று கதை கதையாகச் சொன்னாய். எதிருரைக்கு அதில் ஒரு வரியும் உதவவில்லை. ஆனால் ஜி.பி. சார் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டு உன் கதையைக் கேட்டார். என் வரைவைப் படிக்கும்போது அவர் காப்பியை ஒருநாளும் கீழே வைத்ததில்லை.

நமக்குள் போட்டி என்று ஒன்று முளைத்தது ஒரு மேசையால். அலுவலகத்தில் ஜூனியருக்கு ஒரு மேசைதான் இருந்தது. அப்போதிருந்த ஜூனியர் தன் ஊருக்கே போய்ப் பிராக்டீஸ் செய்வதாகச் சொல்லியிருந்தார். "நீங்க பார் கவுன்சில்ல என்ரோல் பண்ணிட்டு வாங்க, ரெண்டு பேர்ல ஒருத்தர நானே வச்சிக்கிறேன்" என்று போகிற போக்கில் ஜி.பி. சார் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். எங்கள் குடும்பத்திலிருந்து அதுவரை கோர்ட்டுப் படி ஏறியவர்கள் எல்லாம் வரப்புச் சண்டைக்காரர்கள்தான். எனக்குச் சீனியர் தேடித் தர ஒரு ஆளும் கிடையாது. புதுக் கவுனை மாட்டிக்கொண்டு, கட்சிக்காரர் யாராவது தப்பித் தவறி வருவார்களா என்று வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருக்கும் புது வக்கீல்களை நான் தினமும் பார்த்தேன். அந்தக் கூட்டத்தில் போய் நான் நிற்கக் கூடாது. அந்த மேசை எனக்கு வேண்டும். அவ்வளவு வெறியோடு வேறெதையும் நான் கேட்டதில்லை.

நீ அந்த மேசையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பிறகு அந்த வண்டிப்பாதை வழக்கு வந்தது. அரசு நிலமான வண்டிப்பாதையில் மாட்டுக்கொட்டகை போட்டிருக்கிறார் என்று ஒருவருக்கு நோட்டீஸ் போயிருந்தது. அவர் அரசு மேல் வழக்குப் போட்டார். நாம் எதிருரை தாக்கல் செய்யாமல் வாய்தா மேல் வாய்தா வாங்கிக்கொண்டிருந்தோம். நீதிபதி பொறுத்துப் பார்த்துவிட்டு இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லிவிட்டார். எதிருரையை நான் எழுதினேன். டைப் அடித்துக் கேஸ் கட்டில் வைத்து, ஜி.பி. சாரின் கையெழுத்துக்காக மடியில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ என் பக்கத்தில். ஜி.பி. சார் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். ஜூனியர் வேறொரு கோர்ட்டில் நின்றார். நம் வழக்கு வர நேரமாகும் என்று எல்லோரும் நினைத்திருக்க, முன்னால் இருந்த வழக்குகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போய் நம் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உனக்கு நினைவிருக்குமே, கிளார்க் அண்ணன் முதல் நாளே நமக்குச் சொல்லிக் கொடுத்தது. "கவுன் போடாதவங்களுக்குக் கோர்ட்டுல கண்ணும் காதும்தாம்மா. வாய் கெடயாது." படிக்கிற பிள்ளைகள் வெள்ளையும் கறுப்புமாக உடுத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். வாயைத் திறக்க உரிமையில்லை. அது எந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவில் வருகிறது என்பதுகூட எனக்குத் தெரியும்.

"அரசுத் தரப்பு?" என்றார் நீதிபதி. பதில் இல்லை. "போன வாய்தாவுலயே சொல்லிட்டேன்" என்று பேனாவை எடுத்தார். எழுதிவிட்டால் அரசு ஆஜராகவில்லை என்று ஆகிவிடும். அதைத் திரும்பச் சரிசெய்ய ஒரு மனு, அதற்கொரு காரணம், ஜி.பி. சாருக்கு மேலிடத்துத் திட்டு. இதெல்லாம் எனக்குப் புரிகிறது. நாக்கு நுனியில் வார்த்தை நிற்கிறது. பிரிவும் கூடவே நிற்கிறது.

நீ எழுந்துவிட்டாய்.

"அரசுத் தரப்பு இருக்குங்க ஐயா."

கோர்ட் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நீதிபதி கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினார்.

"நீங்க யாரும்மா?"

"ஸ்டூடண்டுங்க ஐயா. ஜி.பி. ஆபீஸ்ல ட்ரெய்னிங்ல இருக்கேங்க."

"ஸ்டூடண்ட் எப்படிம்மா அரசுத் தரப்பு ஆக முடியும்?"

"ஆக முடியாதுங்க ஐயா. வேற ஆளு இல்லீங்க, அதான்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது அப்படியே பின்வரிசை வரைக்கும் வந்தது. நீதிபதி உதட்டைக் கடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். "எதிருரையாவது ரெடியா இருக்கா, இல்ல அதுக்கும் ஆளு இல்லையா?" என்றார். நீ சட்டென்று என்னைக் காட்டி, "ரெடிங்க ஐயா, இதோ இவங்கதான் எழுதுனாங்க" என்றாய். நான் எழுந்தேன். கட்டைத் தூக்கிக் காட்டினேன். வாயிலிருந்து ஒரு எழுத்து வரவில்லை. நீதிபதி தலையாட்டிவிட்டு, சாப்பாட்டு இடைவேளைக்கு முன்னால் ஜி.பி. வந்து தாக்கல் செய்யட்டும் என்று வழக்கைத் தள்ளி வைத்தார்.

அது தவறு. இன்றைக்கும் சொல்கிறேன், சுத்தமான தவறு. வெளியே வந்ததும் கிளார்க் அண்ணன் உன்னைப் பிடி பிடி என்று பிடித்தார். ஜி.பி. சார் மூச்சு வாங்க ஓடிவந்து தாக்கல் செய்துவிட்டு, அலுவலகத்துக்குள் வந்து கத்தினார். "எவனாவது மனு போட்டான்னா என் பதவிக்கே வேட்டு வச்சிருப்பியேம்மா!" கத்திக்கொண்டிருக்கும்போதே சிரித்துவிட்டார். ஏனென்றால் நீதிபதி அவரிடம், "உங்க ஆபீஸ்ல ஒரு அரசுத் தரப்பு இருக்கு சார், பத்திரமா பாத்துக்குங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். சாயங்காலத்துக்குள் டீக்கடை வரை கதை போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் ஒரு வக்கீல் குமாஸ்தா, "அரசுத் தரப்பு போவுது பாரு" என்று உன்னைக் காட்டிச் சிரித்தான். நீயும் சிரித்தாய்.

நான் சரியாக நடந்துகொண்டேன். சரியாக எழுதினேன், சரியாக உட்கார்ந்திருந்தேன். ஒருவர் கண்ணிலும் படவில்லை. உன் தவறுக்குக்கூட அந்த வளாகத்தில் ஒரு பெயர் கிடைத்தது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. கேட்ட அம்மாவிடம் வெயில் என்றேன்.

இன்டர்ன்ஷிப் முடிகிற நாளில் ஜி.பி. சார் இருவரையும் எதிரே உட்கார வைத்தார். "செந்துறை, நீ என்ரோல் பண்ணிட்டு நேரா இங்க வந்துரு. குன்னம், ஒன்னய மாதிரி எழுத இந்த ஜில்லாவுல ஆளு கெடயாதும்மா. பெரம்பலூர்ல நம்ம ஃப்ரெண்டு ஒருத்தர் இருக்காரு, சொல்லி விடுறேன்." பாராட்டிக்கொண்டே ஒருத்தியை வெளியே அனுப்ப முடியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தப் புழுதி நல்ல சாக்காக இருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தேன். நீதான் முதலில் வாயைத் திறந்தாய்.

"சார்ட்ட நான் பேசட்டுமாடி? ஒனக்குத்தான் அது ரொம்ப வேணும்னு தெரியும். நா எங்கயாச்சும் பாத்துக்கிறேன்."

"ஒண்ணும் வேணாம்."

"ஏன்டி?"

"பஸ் வந்துருச்சு."

பஸ் வரவில்லை. வேறு ஊர் பஸ்ஸின் பின்னால் போய் நின்றுகொண்டேன். நீ அந்த மேசையைத் தட்டிப் பறித்திருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். நீ அதை எனக்குக் கொடுக்கிறேன் என்றாய். அதை எப்படி மன்னிப்பது?

பெரம்பலூரில் என் சீனியர் விபத்து வழக்குகளில் கைதேர்ந்தவர். நான் பிழைத்துக்கொண்டேன். பிழைத்துக்கொண்டேன் என்பது அடக்கத்துக்காக எழுதுவது; நன்றாகவே வந்தேன். சொந்த அலுவலகம் போட்டேன். அரும்பாவூரிலிருந்தும் கட்சிக்காரர்கள் தேடி வந்தார்கள். ஆனால் அரியலூரில் நீ ஜூனியராக இருந்து, பிறகு தனியாக நின்று, ஜி.பி. சார் ஓய்ந்து சில காலத்துக்குப் பிறகு அவருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாய். முந்திரிக்காட்டுக் கூலியின் மகள் அரசு வழக்கறிஞர் ஆனாள் என்று உன் ஊரில் தட்டி வைத்தார்கள். அந்தத் தட்டியின் படத்தை எனக்கு எத்தனை பேர் போனில் அனுப்பினார்கள் என்று நினைக்கிறாய்? எல்லோருக்கும் பூங்கொத்துப் பொம்மை போட்டுப் பதில் அனுப்பினேன்.

நாம் நேருக்கு நேர் நின்ற வழக்குகளில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். செந்துறைப் பக்கத்து விதவை ஒருத்தி. அவளுடைய வீட்டுமனைப் பட்டாவை ரத்து செய்துவிட்டார்கள். அங்கே வீடே இல்லை, காலி இடம் என்று தாசில்தார் ஆபீஸிலிருந்து குறிப்பு எழுதி வந்திருந்தது. அவளுக்காக நான், அரசுக்காக நீ. வருடக்கணக்காகக் காத்திருந்த வாய்ப்பு. உன்னை அந்தக் கோர்ட்டிலேயே வைத்துத் தோற்கடிக்கப் போகிறேன் என்று சாட்சியம், தீர்ப்பு, மேற்கோள் என்று மலையாகக் கட்டிக்கொண்டு வந்தேன். வழக்கைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து வாயைத் திறக்கும் முன்னால் நீ எழுந்தாய்.

"ஐயா, ஏற்கனவே வந்த குறிப்பு தப்புங்க. நானே நேர்ல போயிப் பாத்தேன். வூடு இருக்கு, அடுப்பு எரியுது, ஆளு குடியிருக்காங்க. தாசில்தார் ஆபீஸ்ல திருத்தி எழுதி வாங்கிட்டேங்க. அரசுக்கு ஆட்சேபணை இல்லீங்க."

அந்தத் திருத்தத்தை வாங்க நீ தாலுகா ஆபீஸ் வாசலிலேயே பழியாய்க் கிடந்தாய் என்று பிறகு சொன்னார்கள். வழக்கு முடிந்தது. ஜெயித்தது நான். தீர்ப்பில் என் பெயர்தான் இருக்கிறது. என் கட்சிக்காரி கோர்ட்டை விட்டு வெளியே வந்ததும் நேராக உன்னிடம் ஓடி உன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம்தான் ஞாபகம் வந்தவளாக என் பக்கம் திரும்பி, "நீங்களும் ரொம்ப அலஞ்சீங்கம்மா" என்றாள். என்னுடைய மலை பிரிக்கப்படாமல் அப்படியே என்னோடு பெரம்பலூர் திரும்பி வந்தது.

அன்று டீக்கடையில் நீ என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாய். "ஒனக்கு எம்மேல காலேஜ்லேருந்தே கோவம், இல்லடி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"இருந்தா இருந்துட்டுப் போவட்டும். கோவமா இருக்கும்போதுதான் நீ நல்லா ட்ராஃப்ட் பண்ற. நீ எழுதுன இந்த ப்ளெயிண்ட நா ரெண்டு தடவ படிச்சேன்டி. ஒரு எடத்துல கை வைக்க முடியல. அதனாலதான் பஸ் ஏறி அந்த வூட்ட பாக்கப் போனேன்."

அதைச் சொல்லிவிட்டு என் தட்டிலிருந்த பஜ்ஜியை எடுத்துத் தின்றாய். நான் வாங்கியதிலேயே பெரிய பாராட்டு அது. உன் வாயிலிருந்து வந்ததால் அதை ரசிக்க முடியவில்லை.

உனக்கு உடம்பு முடியவில்லை என்று தெரிந்தபோது, திருச்சி ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்கே அனுப்பியிருந்தார்கள். சின்ன வெங்காயம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். கட்டிலில் நீ பாதியாகிக் கிடந்தாய். தலைமாட்டில் கேஸ் கட்டுகள் இருந்தன. அந்த நிலையிலும் உன்னைப் பார்க்க வெளியே ஒரு கூட்டம் நின்றது, எனக்கு அதுவும் உறுத்தியது. நீ என்ன நினைப்பாயோ, எனக்கு ஒன்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இத்தனை வருடத்தில் ஒரு முறையாவது, ஒரே ஒரு முறையாவது, நீ என்னைப் பார்த்து ஏங்கியிருப்பாயா? என் எழுத்தைப் பார்த்து? என் சொந்த அலுவலகத்தைப் பார்த்து? சுற்றி வளைத்துக் கேட்டேன். உனக்குப் புரிந்துவிட்டது.

"ஒன்னயப் பாத்துப் பொறாமையா? இல்லடி" என்று யோசித்துப் பார்த்தாய். நேர்மையாக யோசித்தாய், அதுதான் கொடுமை. "அதுக்கெல்லாம் நேரமே இல்லாமப் போச்சு."

வேண்டுமென்று குத்தவில்லை நீ. என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டுத் தைலக் குப்பியை எடுத்துத் தரச் சொன்னாய். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நான் உன்மேல் எவ்வளவு நேரம் செலவழித்திருக்கிறேன்! நீ அந்த நேரத்தையெல்லாம் ஓடைக்கும் வண்டிப்பாதைக்கும் விதவையின் அடுப்புக்கும் செலவழித்திருக்கிறாய். பொறாமையே இல்லாமல் இருக்கிற உன் மனசைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

நீ போன பிறகு வக்கீல் சங்கத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். நீதிபதிகளும் வந்திருந்தார்கள். மாணவப் பருவத் தோழி என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். எதைப் பேசுவது? அன்றைய கதையைத்தான் சொன்னேன். "ஆக முடியாதுங்க ஐயா, வேற ஆளு இல்லீங்க, அதான்" என்று உன் குரலிலேயே சொன்னபோது கூட்டம் மொத்தமும் சிரித்தது. சிரித்த வாயை மூடுவதற்குள் அழுதுவிட்டது. நானும் அழுதேன். அது நடிப்பில்லை, அதையும் எழுதி வைக்கிறேன். இறங்கி வந்ததும் பார்த்தவர்களெல்லாம், நீங்கள் இப்படிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை என்றார்கள். கோர்ட்டில் இத்தனை வருடம் கத்தியதற்குக் கிடைக்காத பேர், உன்னைப் பற்றிக் கொஞ்சநேரம் பேசியதற்குக் கிடைத்தது. அதன் பிறகுதான் காலியான இடத்துக்கு என் பெயரும் போயிற்று. "அன்னிக்கு நீங்க பேசுனதக் கேட்டப்பவே முடிவு பண்ணிட்டோம் மேடம்" என்று ஒரு பெரிய மனிதர் என்னிடமே சொன்னார். நன்றி என்று கும்பிட்டேன். வேறென்ன சொல்வது?

மேசை, நாற்காலி, பெயர்ப்பலகை, எல்லாம் இப்போது என்னுடையவை. நான் ஆசைப்பட்டது இதற்கில்லை. நீ உட்கார்ந்திருக்கும்போதே, நீ பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இவளுக்குத்தான் இந்த இடம் என்று யாராவது சொல்லி உன்னை எழுப்பி என்னை உட்கார வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீயாக எழுந்து போய்விட்டாய். பெஞ்சில் மிச்சமிருந்தவளைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

இந்த மாதம் இரண்டு மாணவர்கள் பயிற்சிக்கு வந்திருக்கிறார்கள். ஒரு பெண், ஒரு பையன். கிளார்க் அண்ணன் முதல் நாளே அவர்களை உட்கார வைத்து உன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்கிற கதையில் நீ எழுந்திருக்கிறாய், நீதிபதி கேட்கிறார், நீ பதில் சொல்கிறாய், கோர்ட் சிரிக்கிறது. பக்கத்தில் கட்டோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தது அதில் இல்லை. அந்தப் பெண் கண் விரிய என்னிடம் வந்து, "மேடம், அந்த மேடம உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்" என்றேன்.

"எப்படி இருப்பாங்க மேடம்?"

"மோசமா ட்ராஃப்ட் பண்ணுவா" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

நேற்று ஒரு எதிருரை. ஏரிக்கரை நிலத்தில் ஒருவர் வீடு கட்டியிருப்பதாகக் குறிப்பு வந்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அரைகுறை. தூக்கத்தில் எழுதினாலும் ஜெயித்துவிடலாம். எழுதி முடித்தேன். முடித்ததும் இத்தனை வருடமாகச் செய்கிற ஒன்றைச் செய்தேன், உனக்கு இது தெரியாது. எதை எழுதினாலும், எதிரே நீ உட்கார்ந்து இதைப் படித்தால் எங்கே கை வைப்பாய் என்று ஒரு முறை உன் கண்ணால் படித்துப் பார்ப்பேன். உன்னிடம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற ஒரே பயத்தில்தான் நான் நல்ல வக்கீல் ஆனேன். நேற்றும் படித்தேன். முதல் பத்தியில் உன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் பேனாவை மூடி வைத்துவிட்டு மோட்டுவளையைப் பார்த்தாய். எரிச்சலோடு கட்டை மூடிவிட்டேன். வீட்டுக்குப் போய்ச் சமைத்தேன், சாப்பிட்டேன், படுத்தேன். நீ அந்த மூன்றாவது பத்தியை விட்டு நகரவில்லை.

காலையில் அந்தப் பெண்ணைப் போனில் கூப்பிட்டு, ஆபீசுக்கு வர வேண்டாம், ஏரிக்கரை ஸ்டாப்பில் வந்து நில் என்று சொல்லிவிட்டேன். எதுக்கு மேடம் என்றாள். எடத்தப் பாக்கணும் என்றேன். அந்த மேடம் மாதிரியா என்று கேட்டாள் சந்தோஷமாக. போனை வைத்துவிட்டேன். உன்னைப் போல ஒன்றும் இல்லை. நீ அங்கே இருக்கிறவர்களுக்காகப் போவாய். நான் போவது, இதிலும் நீ என்னை ஜெயித்துவிடக் கூடாது என்பதற்காக.

பஸ் வந்துவிட்டது. இந்த முறை உண்மையாகவே.